பௌர்ணமி நாளில் நுரைக்கும் தேநீர்

பௌர்ணமி நாளில் திருகோணமலையில் தேநீர் நுரைக்கும். சிரிக்க வேண்டாம், கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறேன். போயா எனப்படும் அந்தப் பௌத்தப் புனித தினத்தில் இலங்கையில் மது விற்கக் கூடாது என்பது சட்டம். தவறணைகள் இழுத்துப் பூட்டியிருக்கும். ஆனால் உப்புவெளிக் கடற்கரையில், வெள்ளைக்காரர்கள் மணலில் காலை நீட்டிக்கொண்டு கிடக்கும் சில விடுதிகளில், அன்றைக்கும் பியர் உண்டு. போத்தலில் வராது. பூப்போட்ட பீங்கான் கேத்தலில் வரும், கூடவே கோப்பையும் தட்டும் கரண்டியும் வரும். வெயிற்றர் பயபக்தியோடு குனிந்து ஊற்றுவார், கோப்பை விளிம்பில் நுரை பொங்கி நிற்கும். கடற்கரையால் அதிகாரி யாராவது நடந்து போனால், அவர் கண்ணுக்குத் தெரிவது அமைதியாகத் தேநீர் அருந்தும் கனவான்கள் மட்டுமே. கேத்தலைத் தொட்டுப் பார்க்க அவருக்கும் விருப்பமில்லை. இப்படியொரு கூத்தை நடத்தி யாரை ஏமாற்றுகிறார்கள் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். நிலவைத்தான் போலிருக்கிறது.

நான் வாழும் நோர்வேயின் துறைமுக நகரம் இதைவிடத் திறம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே அரசாங்க மதுக்கடை சனிக்கிழமை பின்னேரத்தோடு பூட்டு. அதனால் சனம் பகலிலேயே வாங்கிப் பதுக்கி, வீட்டில் வைத்து முட்டக் குடித்துவிட்டுத்தான் வெளியே குடிக்கப் போகும். அப்படி முன்கூட்டியே குடிப்பதற்கு ஃபோர்ஷ்பீல் என்று மரியாதையான பெயர் ஒன்றும் உண்டு. அது முடிந்ததும் உறைபனியில், மெல்லிய சட்டையோடு பல்லைக் கடித்தபடி வரிசையில் நிற்பார்கள். உள்ளே போனால் பாடுகிறவன் என்ன பாடுகிறான் என்று அவனுக்கே கேட்காது. திங்கட்கிழமை லிஃப்டில் கண்டால் முகத்தைத் தொலைபேசிக்குள் புதைத்துக்கொள்ளும் என் மேல்மாடிக்காரர், வெள்ளிக்கிழமை என் தோளில் சாய்ந்து, நான்தான் தன் உற்ற நண்பன் என்று அழுதிருக்கிறார். "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "மூன்றாம் மாடியில் இருந்து" என்பேன். "இல்லை, உண்மையில் எங்கிருந்து?" என்பார். எங்களவர்கள் மட்டும் என்ன கொம்பா? மண்டபம் எடுத்துக் கலைவிழா வைத்து, பிள்ளைகளை மேடையில் ஆடவிட்டு, "காரை ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று இடைக்கிடை எழும்பிப் போவார்கள். போத்தல் காரின் பின்பெட்டிக்குள் இருக்கும். வாகனத்தின் மீது இவ்வளவு அக்கறை கொண்ட சனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆகவே குடியும் கும்மாளமும் நடக்கும் இடங்கள் எதன் மீதும் எனக்கு மதிப்பில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிப்பட்ட நான் இந்த விடுமுறையில், அதுவும் போயா நாளில், உப்புவெளிக்குப் புறப்பட்டது என் தங்கை றெஜினாவுக்காக. அவள் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை. அவளுடைய கணவன் அன்ரன் பகலில் ஒலிபெருக்கிகள் திருத்துகிறான், மாலையில் கடற்கரை விடுதி ஒன்றில் கிற்றார் வாசித்துப் பாடுகிறான். அங்கே அவனுக்குப் பெயர் டோனி. பல வருடங்களாக அங்கேதான் பாடுகிறான். ஆனால் அங்கே அவன் பாடுவதை அவன் மனைவி ஒருநாளும் பார்த்ததில்லை. "வீட்டுக்கு வந்தா கதைக்கவே தொண்டை ஏலாது அண்ணா. ஓம், இல்லை, சோறு போடு, அவ்வளவுதான். வெள்ளைக்காரருக்குப் பாட்டு, எனக்கு இருமல்" என்றாள் ஒருநாள் குசினிக்குள் நின்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தக் கிழமை போயா அன்றே அவர்களுடைய கலியாண நாளும் வந்தது. என்ன வேண்டும் என்று நான் கேட்டேன். சேலை கேட்பாள், சங்கிலி கேட்பாள் என்று நினைத்திருந்தேன். "இவர் அங்க பாடுறதை ஒருக்காக் கேக்கோணும்" என்றாள்.

அன்ரனின் பாட்டால்தான் அந்தக் கலியாணமே நடந்தது. யுத்த ஊரடங்குக் காலத்தில், எங்கள் தேவாலயப் பங்கின் இளைஞர்கள் கிறிஸ்மஸ் கரோல் பாடிக்கொண்டு லொறியில் வீடு வீடாக வருவார்கள். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதால், பாலன் பிறப்பைப் பாடுகிறார்களா பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்களா என்று தெரியாத வேகத்தில் பாடுவார்கள். அந்தக் காலத்தை இனிப்பாக நினைத்துக்கொள்ள என்னால் ஏலாது. ஊரில் இருந்த ஒரே இரவு வாழ்க்கை, கம்பி வலைக்குப் பின்னால் சாராயம் விற்ற தவறணைதான், அதுவும் இருட்டுமுன் பூட்டு. அப்படியொரு பின்னேரம் எங்கள் முற்றத்தில் எல்லாக் கரோலும் முடிந்த பிறகு, அன்ரன் மட்டும் தனியாக நின்று தானே கட்டிய பாட்டொன்றைப் பாடினான். துறைமுகம் தூங்கினாலும் கப்பல் விளக்குத் தூங்காது என்று முதலாம் சரணம். இரண்டாம் சரணம் "றெஜினா" என்று அவள் பெயரில் தொடங்கும். றெஜினா என்றால் லத்தீனில் அரசி, மாதாவின் பெயர்களில் ஒன்று. எங்கள் அப்பா பக்திமான். மாதா மீது இவ்வளவு உருக்கமாக ஒரு பாட்டை அவர் அதுவரை கேட்டதில்லையாம். கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார், கேக் துண்டில் பெரியதை அன்ரனுக்குக் கொடுத்தார். உண்மை தெரிந்தபோது காலம் பிந்திவிட்டது. மாதாவின் பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

றெஜினாவின் ஆசையை அன்ரனிடம் சொன்னதும் அவன் முகம் கறுத்துப் போயிற்று. "மச்சான், அது சரிவராது" என்றான். "அங்க எங்கட ஆக்களை எடுக்கிறேல்லை. வேலை செய்யிற ஆக்களின்ர குடும்பம் வரவே கூடாது. முந்திக் கீபோட் வாசிச்ச பொடியன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தவன். அடுத்த நாளே போகச் சொல்லிப்போட்டாங்கள்." எங்கட ஆக்கள் என்றால் யார் என்று கேட்டேன். தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று பாகுபாடு இல்லை என்றான். இந்த நாட்டில் பிறந்து இந்த நாட்டிலேயே இருக்கிற எல்லாரையும் ஒரே மாதிரி வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவார்களாம். தமிழ்ப் பாட்டும் பாடக்கூடாது. தமிழ்ப் பாட்டுக் கேட்டால் கடற்கரையில் நிற்கும் சனம் கூடிவிடும், வெள்ளைக்காரிகள் கடலில் குளிக்கக் கூச்சப்படுவார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என் ஊர், என் கடற்கரை, என்னைத் தடுக்க யாரடா என்று பெரிதாகக் கதைத்தேன். அன்ரன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "உங்களைத் தடுக்கமாட்டாங்கள் மச்சான்" என்றான்.

போயா அன்று அவன் வேலைக்குப் போன பிறகு, அவனுக்குச் சொல்லாமல் நாங்கள் புறப்பட்டோம். றெஜினா திருநாளுக்கு மட்டும் எடுக்கும் நீலச் சேலையை உடுத்திருந்தாள். நான் கடவுச்சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன், அதையும் எழுதிவிட வேண்டும். ஓட்டோக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். இடத்தின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "அங்கயா சேர்? அங்க நம்மளயெல்லாம் உள்ளுக்கு எடுக்க மாட்டாங்களே. வெள்ளக்காரன் சாமான்தான் நான் இறக்கி வைக்கிற. கேற்றுக்கு அங்கால இன்னும் கண்டதில்ல" என்றார். பிறகு றெஜினாவின் சேலையைப் பார்த்துவிட்டு, "சரி, போய்த்தான் பாப்பமே" என்று சிரித்தார். நகர எல்லை வரை, ஊருக்குள் மாடுகளைப்போல் திரியும் மான்கள் தெருவோரத்தில் படுத்து, யாருக்கும் வழிவிடாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தன. குச்சவெளி பஸ் ஒன்று எங்களை முட்டிவிடுவதுபோல் முந்திப் போயிற்று. றெஜினா வழி நெடுக கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்ற காவலாளி இளைஞன், தமிழ்ப் பிள்ளை. "ஃபொறின், சேர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் தமிழில், "உள்ளுக்கு இருக்க வந்தனாங்கள் தம்பி" என்றேன். தமிழைக் கேட்டதும் அவனுடைய சிரிப்பு மறைந்தது. "மன்னிக்கோணும் ஐயா, இண்டைக்கு இடமில்லை. பிரைவேட் பாட்டி" என்றான். அவனுக்குப் பின்னால் கதிரைகள் வரிசையாக வெறுமையாகக் கிடந்தன. எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு வெள்ளைக்காரர்கள், இடுப்பில் துவாயும் காலில் மணலுமாக, அவனைத் திரும்பியும் பாராமல் உள்ளே போனார்கள்.

இந்த வசனத்தை நான் முன்னரும் கேட்டிருக்கிறேன். நோர்வேக்குப் போன புதிதில், மீன் தொழிற்சாலையில் என்னோடு நின்ற இரண்டு தமிழ்ப் பொடியன்களும் நானும், இருந்ததில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, பாட்டு நடக்கும் இடம் ஒன்றுக்குப் போனோம். வாசலில் நின்றவன் கதவை விடப் பெரியவன். "லுக்கெத் செல்ஸ்காப்" என்றான். அப்படியென்றால் தனிப்பட்ட விருந்து, வெளியாருக்கு அனுமதியில்லை என்று அர்த்தம். நாங்கள் வெள்ளந்திகள், நம்பிவிட்டோம். உள்ளே கலியாணமாக்கும் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வேஜிய மொழியில், "மணமக்களுக்கு எங்கள் வாழ்த்தைச் சொல்லுங்கள்" என்றேன். நான் அவனைக் கேலி செய்கிறேன் என்று அவன் நினைத்துவிட்டான். என் கழுத்துப்பட்டியைப் பிடித்துத் தெருவில் தள்ளினான். எங்களுக்கு முன்னும் பின்னும் ஊரே உள்ளே போய்க்கொண்டிருந்தது. அடுத்த கிழமையும் அதற்கடுத்த கிழமையும் அங்கே அதே விருந்து நடந்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது. அந்த நாட்டில் என் முகத்தைக் காட்டி உள்ளே போக முடியவில்லை. இந்த நாட்டிலும் அதே முகம்தான், அதே பொய்தான். பொய்யைக்கூட இறக்குமதி செய்கிறார்கள் என்று எனக்குக் காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

துப்பவில்லை. சட்டைப் பைக்குள் இருந்த சிவப்புக் கடவுச்சீட்டை எடுத்து நீட்டினேன். பையன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, நிறமே போதுமாயிருந்தது. "சொறி சேர், சொறி சேர்" என்று முதுகை வளைத்தான். பிறகு றெஜினாவைப் பார்த்து, "மேடமும் நோர்வேயோ?" என்றான். நான், "என்னோட வந்தவ" என்றேன். பொய் சொல்லவில்லை. என்னோடுதான் வந்தாள். அவன் தனக்கு வேண்டியபடி விளங்கிக்கொண்டு, "வெல்கம் மேடம்" என்றான். றெஜினா என்னைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தாள்.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. கொழும்பில் இருந்து கொண்டுவந்த தென்னோலையால் தென்னந்தோப்புக்குள் கூரை வேய்ந்திருந்தார்கள். பழைய வள்ளம் ஒன்றை நெடுக்காக அறுத்து, போத்தல் அடுக்கும் தட்டாக நிறுத்தியிருந்தார்கள். போயாவை முன்னிட்டுப் போத்தல்களுக்கு மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது, பெரிய வெள்ளிக்குத் தேவாலயத்தில் சுரூபங்களை மூடுவதுபோல. துணிக்குக் கீழே கை போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. மணலில் கயிறு ஒன்று கட்டி, அதற்கு அங்கால் நிற்கும் உள்ளூர்ச் சனத்தை இன்னொரு காவலாளி விரட்டிக்கொண்டிருந்தான். மேசைக்கு மேசை பூப்போட்ட கேத்தல். தோலெல்லாம் வெந்து சிவந்த ஒருவர் தனக்கு முன்னால் மூன்று கேத்தலை வைத்துக்கொண்டு, இலங்கைத் தேநீரின் புகழை அடுத்த மேசைக்குச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். இவர்கள் தங்கள் நாட்டில் வரிசையில் நின்று, அடையாள அட்டை காட்டி, விறைத்துக் குடிப்பவர்கள். இங்கே மேற்சட்டையில்லாமல் மகாராசாக்கள். மேடையில் மெல்லிய வெளிச்சத்துக்குள் அன்ரன் கண்ணை மூடி ஆங்கிலப் பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பொருந்தாத பூப்போட்ட சட்டை, தலையில் ஓலைத் தொப்பி. கேட்பதற்கு ஒருவரும் இல்லை. றெஜினா மட்டும் கதிரை நுனியில் இருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயிற்றர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். றெஜினா, "பிளேன்ரீ" என்றாள். அவர் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போய், எங்களுக்கும் ஒரு கேத்தலைக் கொண்டுவந்து வைத்தார். அவள் ஊற்றினாள். நுரை வந்தது. கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மெல்ல வைத்தாள். அதற்கிடையில் நோர்வேத் தம்பதி வந்திருக்கும் செய்தி விடுதி முகாமையாளருக்குப் போய்விட்டது. வெள்ளைச் சட்டைக்காரர், கையைப் பிசைந்தபடி வந்தார். ஆங்கிலத்தில் எங்கள் பயணம் எப்படி, வெயில் எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டு, ஏதாவது விசேஷமோ என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் றெஜினா ஆங்கிலத்தில், "கலியாண நாள்" என்றாள். உண்மைதானே. அவளுடைய கலியாண நாள், அவளுடைய கணவன் ஆறு மேசை தள்ளிப் பாடிக்கொண்டிருக்கிறான். முகாமையாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, எனக்கு வாழ்த்துச் சொன்னார். இல்லை, இவள் என் தங்கை என்று சொன்னால், யாருடைய மனைவி என்ற கேள்வி வரும். அன்ரனின் வேலை அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பல்லைக் காட்டி நன்றி என்றேன்.

முகாமையாளர் நேராக மேடைக்குப் போய் அன்ரனின் காதில் ஏதோ சொல்லி எங்கள் பக்கம் கையைக் காட்டினார். அன்ரன் அப்போதுதான் எங்களைக் கண்டான். கிற்றாரில் இருந்த கை அப்படியே நின்றது. அவனுடைய பார்வை றெஜினாவின் நீலச் சேலையில் நின்று, என்னிடம் வந்து, பக்கத்தில் நின்ற முகாமையாளரிடம் போயிற்று. பிறகு மைக்கைக் கிட்ட இழுத்தான். நோர்வேயில் இருந்து வந்திருக்கும் அருமையான தம்பதிக்கு இன்று கலியாண நாள் என்று, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் அறிவித்தான். சனம் கை தட்டியது. மூன்று கேத்தல் மனிதர் எழுந்து நின்று விசிலடித்தார். "மேடம், உங்களுக்குப் பிடித்த பாட்டு ஏதாவது உண்டா?" என்று அன்ரன் கேட்டான். மனைவியைப் பார்த்து, மேடம் என்றான். எனக்கு மேடையில் ஏறி அவன் கன்னத்தில் ஒன்று வைக்கவேண்டும் போலிருந்தது. அதை விடப் பெரிய அறையாக முகாமையாளருக்கு. எல்லாவற்றிலும் பெரியதாக எனக்கு.

றெஜினா எழுந்து நின்றாள். அவள் குரல் வகுப்பறையின் கடைசி வாங்கு வரை கேட்கும் குரல். "தமிழில ஒண்டு பாடுங்கோ" என்றாள், தமிழில். முகாமையாளர் நெளிந்தார். ஆனால் கேட்டது வெளிநாட்டு விருந்தாளி அல்லவா, வெளிநாட்டார் எதையும் கேட்கலாம். தலையை ஆட்டினார். அன்ரன் தொப்பியைக் கழற்றி நிலத்தில் வைத்தான். துறைமுகம் தூங்கினாலும் கப்பல் விளக்குத் தூங்காது என்று தொடங்கினான். என்னத்தைச் சொல்ல. அதுவரை ஓடாமல் நின்ற வண்டி திடீரென்று புறப்பட்டது மாதிரி இருந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கயிற்றுக்கு அங்கால் சனம் கூடியது, விரட்டுகிறவனும் விரட்டாமல் நின்று கேட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கப் போவதில்லை. முதலாம் சரணம் முடிந்தது. றெஜினா மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சரிந்தாள். அடுத்த சொல் அவள் பெயர். அன்ரன் வாயைத் திறந்தான். முகாமையாளரைப் பார்த்தான். அப்படியே சுருதியை மாற்றி, ஆங்கிலப் பாட்டொன்றுக்குத் தாவிவிட்டான். மைக்கில் மேடத்தை றெஜினா என்று அழைத்தால், ஊர்ப் பாடகனுக்கு நோர்வே மேடத்தின் பெயர் எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள் அல்லவா?

றெஜினா திரும்பவும் கதிரையில் இருந்தாள். முன்னால் ஆறிப்போய் நுரை அடங்கிய கோப்பையைப் பார்த்தாள். அதை எடுத்து, மருந்து குடிப்பதுபோல், ஒரே மடக்கில் குடித்தாள். நான் பதறி, "என்ன செய்யிறாய்?" என்றேன். "நான் இப்ப நோர்வேக்காரி. குடிக்கலாம்" என்றாள். இன்னொரு கோப்பை ஊற்றி அதையும் குடித்தாள். எங்கள் குடும்பத்தில் பெண் ஒருத்தி பியர் குடித்து நான் பார்த்தது அன்றுதான். முகம் சுளித்தாளே தவிர நிறுத்தவில்லை. கேத்தல் காலியானதும் மூடியை ஒழுங்காக மூடிவைத்து, "போவம்" என்றாள். வாசலில் முகாமையாளர் ஓடிவந்து சிப்பி மாலை ஒன்றை அவள் கழுத்தில் போட்டு, எங்கள் இருவருக்கும் நீடித்த மணவாழ்வை வாழ்த்தினார். அவள் நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டாள். தெருவுக்கு வந்ததும் அந்த மாலையைக் கழற்றி, காத்து நின்ற கிண்ணியாக்காரரின் ஓட்டோக் கண்ணாடியில் கொழுவிவிட்டாள். "உள்ளுக்கு எப்பிடி இருந்திச்சு?" என்று அவர் கேட்டார். "தேத்தண்ணி சரியில்லை" என்றாள்.

போயா என்பதால் விடுதியை அன்று வழக்கத்தைவிட வெள்ளென மூடிவிட்டார்கள். வீட்டுக் கேற்றுக்கு வெளியே நான் நின்று புகைத்துக்கொண்டிருந்தபோதே அன்ரனின் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. துறைமுகப் பக்கமாகக் கப்பல் ஒன்று ஊதியது. "கோவமோ?" என்று என்னிடம் மெல்லக் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் றெஜினா கேற்றுக்கு உட்பக்கம் வந்து நின்றாள். பூட்டைத் திறக்கவில்லை. "ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" என்றாள். அன்ரன் சிரிக்கப் பார்த்தான். "றெஜி, அந்த மனேஜர் பக்கத்தில நிண்டவன். நான் என்ன செய்ய ஏலும்? அந்தப் பாட்டை உனக்காகத்தானே..." "இஞ்ச உள்ளூர் ஆக்களுக்கு இடமில்லை" என்றாள். "பாஸ்போட் இருக்கோ?" அவன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். "மச்சான், உங்கடதை ஒருக்காத் தாருங்கோ" என்றான், பாதி பகிடியாக, பாதி கெஞ்சலாக. நான் எடுத்துக் கொடுத்தேன். அவன் கம்பிக்குள்ளால் நீட்டினான். றெஜினா அதைக் கேற் விளக்கில் பிடித்துத் திறந்து, என் படத்தை நெடுநேரம் பார்த்தாள். "இந்த ஆளை எனக்குத் தெரியாது" என்று சொல்லி, கம்பிக்குள்ளால் கை நீட்டி என்னிடமே திருப்பித் தந்தாள்.

பிறகு அன்ரனைப் பார்த்து, "பாட்டு முடியேல்லை" என்றாள். அவன் தெருவை ஒருமுறை பார்த்தான். பக்கத்து வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அங்கே மனேஜரை விடப் பயங்கரமான கண்கள் உண்டு. கிற்றாரை இறக்கவில்லை. தொண்டையைச் செருமினான். கரகரத்து, உடைந்து, சுருதியே இல்லாத குரலில், "றெஜினா" என்று இரண்டாம் சரணத்தைத் தொடங்கினான். யன்னல்கள் திறந்தன. யாரோ இருமினார்கள், யாரோ சிரித்தார்கள். அவன் கடைசிச் சொல் வரை பாடினான். அவள் கேற்றைத் திறந்து, "வாங்கோ, சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனான். குசினிக்குள் இருவரும் ஒரே நேரத்தில் கதைப்பது கேட்டது.

கேற் திறந்தபடிதான் கிடந்தது. என்னை வா என்றும் யாரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. சொந்தத் தங்கையின் வீடு, அழைப்பு எதற்கு? ஆனாலும் கடவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். தெரு முனையில் படுத்திருந்த மானொன்று எழும்பி, உடம்பை உதறி, மெல்ல நடந்து வந்தது. என்னைத் திரும்பியும் பாராமல், திறந்து கிடந்த கேற்றுக்குள்ளால் உள்ளே போய், றெஜினாவின் செவ்வரத்தைச் செடியைக் கடிக்கத் தொடங்கியது. உள்ளே போகலாமா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டு நின்றேன்.